ஆறு ஆதாரம், ஏழு கல்

"தம்பி, இது சுகருக்குக் கேக்குமா?"

"கேக்கும்மா. மஞ்சக் கல்லு மணிபூரகத்துக்கு. கணையம் அங்கதான இருக்கு. நாப்பத்தெட்டு நாள் கழட்டாம போடுங்க, தானா இறங்கிடும்."

மலேசியாவின் மலாக்கா மாநிலத்துச் சிம்பாங் அம்பாட் வட்டாரத்தில், ஒரு கோயில் திருவிழாக் கடையில் காதில் விழுந்த பேச்சு இது. கேட்டவர் அறுபதைத் தாண்டிய அம்மா. பால்மரம் சீவிக் காய்த்துப்போன விரல்கள். விற்ற தம்பிக்கு வயது இருபத்தைந்துக்குள் இருக்கும். பணிவான பையன், ஏமாற்ற வேண்டும் என்று அவன் நினைத்ததாகத் தெரியவில்லை. தான் சொல்வதை அவனே நம்பினான்.

மேசையில் லாமினேட் செய்த படம் ஒன்று. சம்மணமிட்ட மனித உருவம், முதுகுத்தண்டு நெடுக ஏழு வட்டங்கள். அடியிலிருந்து சிவப்பு, ஆரஞ்சு, மஞ்சள், பச்சை, நீலம், கருநீலம், ஊதா. வட்டத்துக்கு நேரே கல்லின் பெயர்: சிவப்பு ஜாஸ்பர், கார்னீலியன், சிட்ரின், பச்சை அவென்ச்சுரின், சோடலைட், லாபிஸ் லாசுலி, அமெதிஸ்ட். அதற்கு நேரே உறுப்பு. கடைசிக் கட்டத்தில் நோய். தலைப்பில் 'சித்தர்கள் அருளிய ஏழு சக்கர ரகசியம்' என்று போட்டிருந்தது.

இதே படம் இன்று டிக்டாக் நேரலையில் வருகிறது, வாட்சப் குழுவில் வருகிறது, மலாக்கா லிட்டில் இந்தியாவில் பூமாலையும் கற்பூரமும் வாங்கப் போகிறவர்கள் கண்ணிலும் படுகிறது. கருங்காலி மாலை மோகம் அடித்து ஓய்வதற்குள் இது வந்துவிட்டது. ஆகவே இந்தப் படத்தைக் கட்டம் கட்டமாகப் படித்துப் பார்ப்பது அவசியமாகிறது. ஆதாரங்கள் என்று நாம் சொல்லும் சக்கரங்கள் நம்முடையவைதாம். படிகமும் நம்முடையதுதான். இரண்டையும் ஏழு வரியில் சேர்த்துத் தைத்தது சித்தர்கள் அல்ல. கடைசிக் கட்டத்தில் நோயின் பெயரை எழுதியது யாராக இருந்தாலும், அவர் செய்தது தவறு.

மழைமேக நிறத்து மணிபூரகம்

இன்று உலகம் முழுவதும் பேசப்படும் சக்கர விளக்கங்களுக்கு முக்கியமான மூலநூல் ஒன்று உண்டு. வங்காளத்துத் தாந்திரிகர் பூர்ணானந்தர் 1577இல் சமஸ்கிருதத்தில் எழுதிய 'ஷட்சக்ர நிரூபணம்'. அதில் உடம்புக்குள் ஆறு தாமரைகள். மூலாதாரத்துக்கு நான்கு இதழ், சுவாதிட்டானத்துக்கு ஆறு, மணிபூரகத்துக்குப் பத்து, அநாகதத்துக்குப் பன்னிரண்டு, விசுத்திக்குப் பதினாறு, ஆக்ஞைக்கு இரண்டு. கூட்டினால் ஐம்பது. இதழுக்கு ஓர் எழுத்தாக ஐம்பது சமஸ்கிருத எழுத்துகள் அங்கே அமர்கின்றன. மேலே, கணக்கில் சேராமல், ஆயிரம் இதழ்த் தாமரை. எழுத்து ஒலியாகி, ஒலி மூச்சாகி, மூச்சு நிலைத்து மனம் அடங்கும் வழியைத்தான் அந்த நூல் வரைகிறது.

அந்த அம்மாவுக்கு மஞ்சள் என்று காட்டப்பட்ட மணிபூரகம் அந்நூலில் எப்படி இருக்கிறது? நீர் கொண்ட மழைமேகத்தின் நிறத்தில் பத்து இதழ்கள். நடுவே நெருப்புக்குரிய முக்கோணம், உதிக்கும் சூரியனின் சிவப்பில். அக்கினியின் வாகனமான ஆட்டுக்கடா. 'ரம்' என்னும் விதையொலி. கருமேகத்துக்குள் தீ! கண்ணை மூடி ஒருமுறை நினைத்துப் பாருங்கள். தியானத்துக்கென்றே தீட்டிய சித்திரம் என்பது புரியும். அதில் மஞ்சள் நிறத்துக்கு வேலையே இல்லை. மஞ்சள் இருப்பது அடியில், மூலாதாரத்தில், நிலத்தைக் குறிக்கும் சதுரத்தில். அங்கே யானை நிற்கிறது, 'லம்' ஒலிக்கிறது.

இதயத்தின் அநாகதத்துக்குப் படத்தில் பச்சை. நூலில் அதன் இதழ்கள் பந்தூகப் பூவின் சிவப்பு, நடுவே காற்றுக்குரிய அறுகோணம், புகை நிறத்தில், ஓடும் மான். ஆக்ஞையோ நிலவு போல வெண்மை. வானவில் வரிசை எங்குமே இல்லை.

அப்படியானால் வானவில் எங்கிருந்து வந்தது? இது நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஒரு பகுதி சென்னையிலேயே நடந்திருக்கிறது. கல்கத்தாவில் நீதிபதியாக இருந்த சர் ஜான் உட்ராஃப், ஆர்தர் அவலான் என்ற புனைபெயரில் பூர்ணானந்தரின் நூலை ஆங்கிலத்தில் பெயர்த்து, 1919இல் 'தி சர்ப்பென்ட் பவர்' என்று வெளியிட்டார். மேலைநாடு சக்கரங்களைப் பரவலாக அறிந்தது அந்தப் புத்தகத்தால். எட்டு ஆண்டு கழித்து, 1927இல், சென்னை அடையாறில் தலைமையகம் கொண்ட பிரம்மஞான சபையைச் சேர்ந்த லெட்பீட்டர் 'தி சக்ராஸ்' என்ற நூலை வண்ணப் படங்களோடு கொண்டுவந்தார். ஞானதிருஷ்டியால் தானே கண்டதாக அவர் சொன்னவற்றில் இதயச் சக்கரம் பொன்னிறம். சுவாதிட்டானத்தின் இடத்தில் மண்ணீரலை வைத்தார். அந்தப் படங்களும் இன்றைய வானவில்லோடு ஒத்துப்போவதில்லை.

சிவப்பில் தொடங்கி ஊதாவில் முடியும் வரிசை நிலைபெற்றது அமெரிக்காவில், 1970களில். கிறிஸ்டோபர் ஹில்ஸ், கென் டிச்ட்வால்ட் இருவரும் 1977இல் வெளியிட்ட நூல்கள் அதைப் பரப்பின. கற்கள் சேர்ந்தது இன்னும் பிறகு. கத்ரினா ரஃபேல் 1985இல் எழுதிய 'கிரிஸ்டல் என்லைட்டன்மென்ட்' போன்ற புத்தகங்கள், படுத்திருப்பவர் உடம்பின்மேல் சக்கரத்துக்கு ஒன்றாகக் கல் அடுக்கும் முறையைப் பிரபலமாக்கின. வானவில் வந்த வழியைக் கர்ட் லீலண்ட் 2016இல் 'ரெயின்போ பாடி' என்ற நூலில் விரிவாகத் தொகுத்திருக்கிறார். ஆக, 'சித்தர்கள் அருளியது' என்று நம் திருவிழாக் கடையில் விற்கும் படத்துக்கு ஏறக்குறைய ஐம்பது வயது இருக்கலாம், அவ்வளவுதான். அந்தக் கடையில் சுகருக்குக் கல் கேட்ட அம்மாவுக்கு அதைவிட வயது கூடுதல்.

ஐம்பது ஆண்டுப் பழக்கம் என்பதாலேயே தள்ளிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. புதிதாக ஒன்றைச் செய்பவர் புதிது என்று சொல்லிச் செய்யட்டும். திருமூலர் பெயரை அதன் நெற்றியில் ஒட்டுவதுதான் பொறுக்கவில்லை.

நம் வீட்டில் இருந்தது

திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரம் யோகத்தைப் பேசுகிறது. மூச்சின் கணக்கு அங்கே உண்டு. ஆறு ஆதாரத்துக்கு ஏழாம் தந்திரத்தில் தனிப் பகுதி இருக்கிறது. நான்காம் தந்திரம் பல சக்கரங்களைச் சொல்கிறது; அவை வழிபாட்டுக்கு வரையும் எந்திரங்கள். ஆதாரத்துக்கு ஒரு கல் என்ற பட்டியல் திருமந்திரத்தில் இல்லை.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஔவையின் பெயரில் வழங்கும் விநாயகர் அகவலை மனப்பாடமாகச் சொல்லும் பாட்டிமார் நம் தாமான்களில் இன்னும் இருக்கிறார்கள். அந்த அகவல் முழுக்க யோக நூல். மூலாதாரத்தில் விநாயகரை வைத்து, அங்கிருந்து படிப்படியாக மேலே ஏறும் வழியைச் சொல்லி முடிகிறது. சங்கடஹர சதுர்த்தி அன்று தோட்டத்துக் கோயிலில் தேங்காயும் அறுகம்புல்லுமாக உட்கார்ந்து அதைச் சேர்ந்து சொன்ன பெண்கள், வகுப்புக் கட்டணம் இல்லாமலே ஆறு ஆதாரத்தையும் நாவில் ஏற்றியவர்கள். பொருள் முழுவதும் எல்லாருக்கும் தெரிந்திருக்காது. யாரும் அதை விலைக்கும் விற்கவில்லை. மலாக்கா நகரில், பொற்கொல்லர் தெரு என்று பெயர் பெற்ற ஜாலான் துக்காங் ஈமாசில், மலாக்கா செட்டிகள் 1781இல் எழுப்பிய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் இன்றும் பூசையோடு இருக்கிறது. மூலாதார மூர்த்திக்கு இந்த மாநிலத்தில் இருநூற்று நாற்பது ஆண்டைத் தாண்டிய வீடு அது.

தமிழ்நாட்டுச் சைவம் இன்னொரு படி மேலே போய், ஆறு ஆதாரத்தையும் நிலத்தில் விரித்துவைத்தது. திருவாரூர் மூலாதாரம், திருவானைக்கா சுவாதிட்டானம், திருவண்ணாமலை மணிபூரகம், சிதம்பரம் அநாகதம், திருக்காளத்தி விசுத்தி, காசி ஆக்ஞை. இதில் சிதம்பரத்தில் நின்று கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இதயத் தலமான அந்தக் கோயிலில் ஸ்படிக லிங்கத்துக்கு நாள்தோறும் ஆறு கால அபிடேகம் நடக்கிறது. ஆதாரமும் படிகமும் நம் மரபில் ஒரே கூரையின் கீழ் சேரும் இடம் எது என்று என்னைக் கேட்டால், அதைத்தான் சொல்வேன். பால் ஊற்றினால் பால் நிறம், பூ சாத்தினால் பூ நிறம். தனக்கென்று நிறம் வைத்துக்கொள்ளாத கல். அதனால்தான் அது அங்கே தெய்வத்தின் உருவம். அதை உடம்பில் கட்டிக்கொண்டால் இன்ன நோய் போகும் என்று யாரும் அங்கே பட்டியல் போடவில்லை.

இந்த மரபில் அதிகம் பேசப்படாத ஒரு மனிதரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். சிம்பாங் அம்பாட்டிலிருந்து நெடுஞ்சாலையில் வடக்கே போனால் ஒரு மணி நேரத்துக்குள் சிரம்பான். திருநெல்வேலி பத்தமடையில் 1887இல் பிறந்த டாக்டர் குப்புசாமி, 1913இல் கப்பலேறி மலாயா வந்து, சிரம்பான் அருகே ரப்பர் தோட்ட ஆஸ்பத்திரியில் மருத்துவராகச் சேர்ந்தார். காய்ச்சலும் புண்ணும் வயிற்றுப்போக்குமாக வந்த நம் பாட்டன்மாரைத் தொட்டுப் பார்த்தவர். ஏழைகளுக்குக் கைக்காசு கொடுத்து அனுப்பியவர் என்று பேர். சில ஆண்டுகள் அங்கே இருந்துவிட்டு ஜொகூர் பாருவுக்கு மாறினார். தான் வைத்தியம் பார்த்த ஒரு சாது கொடுத்த புத்தகம் அவர் மனதைத் திருப்பியது. 1923இல் வேலையை விட்டார். மறு ஆண்டு ரிஷிகேசத்தில் துறவு பூண்டு சுவாமி சிவானந்தர் ஆனார்.

அந்தச் சிவானந்தர் 1930களில் எழுதிய 'குண்டலினி யோகம்' தான், உட்ராஃபுக்குப் பிறகு ஆறு ஆதாரங்களை உலகத்துக்கு எளிய ஆங்கிலத்தில் கொண்டுபோன புத்தகங்களில் முக்கியமானது. நம் தோட்டத்து டாக்டர்! அறுவைக் கத்தி பிடித்த கை என்பதால் அவர் எழுத்தில் ஒரு தெளிவு இருக்கிறது. சக்கரங்கள் நுண்ணுடலைச் சேர்ந்தவை. பிணத்தை அறுத்துத் தேடினால் கிடைக்கா. தூல உடம்பின் நரம்புப் பின்னல்கள் அவற்றுக்கு நேரான இடங்கள் மட்டுமே என்று பிரித்துச் சொல்கிறார். அவர் சொன்ன வழி ஆசனம், பிராணாயாமம், ஜபம், அளவான சாப்பாடு, ஒழுக்கம், சேவை. நோயாளிக்கு மருந்து கொடுப்பதை அவர் ரிஷிகேசத்திலும் நிறுத்தவில்லை. ஆசிரமம் கட்டுவதற்கு முன்பே இலவச மருந்தகம் நடத்தியவர். பத்துமலையில் அவர் பெயரால் ஓர் ஆசிரமம் இருக்கிறது. மணிபூரகத்தையும் கணையத்தையும் குழப்பிக்கொள்ளாத ஒருவர் நம் பக்கத்து ஊரில் வேலை பார்த்திருக்கிறார் என்பது சிம்பாங் அம்பாட் பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கல்லுக்கு ஒரு மரியாதை

கல்லைப் பழிக்க இந்தக் கட்டுரையை எழுதவில்லை. தமிழனுக்கும் கல்லுக்கும் உள்ள உறவு மிகப் பழையது. ஈரோடு மாவட்டத்தில் நொய்யல் கரையில் இருக்கும் கொடுமணலைத் தோண்டியபோது, படிகம், அமெதிஸ்ட், பெரில், கார்னீலியன் என்று மணி செய்யும் பட்டறைகளே வெளிப்பட்டன. பதிற்றுப்பத்து கொடுமணம் என்று சொல்லி அதன் அணிகலன்களைப் பேசுகிறது. தஞ்சைக்குப் பக்கத்து வல்லத்தில் கிடைத்த படிகக் கல்லைத் தேய்த்து மூக்குக்கண்ணாடி செய்தார்கள்.

கடல் தாண்டியும் அந்தக் கல்வேலை வந்தது. இந்தத் தீபகற்பத்தின் வடக்கே, இன்றைய தாய்லாந்தின் கிராபி மாநிலத்துக் குளோங் தோமில் கிடைத்த ஓர் உரைகல்லில், தமிழ்ப் பிராமி எழுத்தில் 'பெரும்பதன் கல்' என்று பொறித்திருக்கிறது. பொன்னை உரைத்து மாற்றுப் பார்த்த ஒரு தமிழ்த் தட்டான், ஆயிரத்து அறுநூறு ஆண்டுக்கும் முன்னால், தன் கல்லில் தன் பெயரை எழுதிவைத்துப் போயிருக்கிறான். பொன் எது, போலி எது என்று சொல்லும் கல் அது.

மலாய்க்காரர்களுக்கும் இந்த வட்டாரத்தில் கல்லோடு உறவு உண்டு. அலோர் காஜா மாவட்டத்துக் கம்பங்களில், தாபோ நானிங் பக்கமெல்லாம், பழங்கால நெடுங்கற்கள் நிற்கின்றன. 'பத்து ஹிடுப்', உயிருள்ள கல் என்பார்கள். அவை வளர்கின்றன என்று முதியவர்கள் நம்பினார்கள். வயலை உழுபவர் அதைச் சுற்றி ஒதுங்கிப் போவார். யாரும் பெயர்த்துக்கொண்டு போய் விற்பதில்லை. கல்லுக்கு மரியாதை என்றால் எனக்கு நினைவுக்கு வருவது அதுதான்.

தற்காலத்திலும் பெரிய உதாரணம் இருக்கிறது. யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியின் சீடர் சுப்பிரமுனிய சுவாமி ஹவாயின் கவாய் தீவில் அமைத்த இறைவன் கோயிலுக்கு, பெங்களூரில் செதுக்கிய கருங்கற்கள் கப்பலேறிப் போயின. மூலவர் 700 பவுண்டு எடையுள்ள, இயற்கையாகவே ஆறு பட்டையாக விளைந்த ஒரே படிகம். அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் 1975இல் எடுத்தது. கோயிலுக்கு 2023 மார்ச்சில் குடமுழுக்கு ஆனது.

நவரத்தின மோதிரத்தை இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறவர்களும் உண்டு. அது வேறு கணக்கு: மாணிக்கம் சூரியனுக்கு, முத்து சந்திரனுக்கு, புஷ்பராகம் குருவுக்கு என்று கிரகத்துக்குக் கல். ஜாதகம் பார்த்து அணிவது. அதற்கும் ஆதாரத்துக்கும் தொடர்பு கிடையாது.

கையில் எடுத்துப் பார்த்தால்

இனி அந்த மேசைக் கல்லுக்கு வருவோம். ஸ்படிகம், அமெதிஸ்ட், சிட்ரின், ரோஸ் குவார்ட்ஸ் நான்கும் ஒரே பொருள்தான். சிலிக்கனும் ஆக்சிஜனும் சேர்ந்த குவார்ட்ஸ். அதில் சிறிதளவு இரும்பு கலந்து, மண்ணுக்குள் இருக்கும் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டால் ஊதா, அதுவே அமெதிஸ்ட். ஊதா அமெதிஸ்டை உலையில் சூடாக்கினால் மஞ்சளாகிவிடும். சந்தையில் சிட்ரின் என்று விற்பவற்றில் பெரும்பகுதி இப்படிச் சுட்டெடுத்த அமெதிஸ்ட்தான். பிரேசிலிலிருந்து வருவது அதிகம். அடிப்பக்கம் வெள்ளையும் நுனி கருகிய ஆரஞ்சுமாக இருந்தால் சுட்ட கல் என்று வியாபாரிகளுக்கே தெரியும். இதை வைத்துப் படத்தை மீண்டும் படியுங்கள்: தலை உச்சிக்கு என்று எழுதிய கல், ஓர் உலைக்குள் போய் வந்ததும் வயிற்றுக்கு என்று மாறிவிடுகிறது.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் சில பார்வைகளாவது பார்த்து வாங்குங்கள். குவார்ட்ஸ் கண்ணாடியைக் கீறும், கடினம் ஏழு. கன்னத்தில் வைத்தால் கண்ணாடியைவிட அதிக நேரம் சில்லென்று இருக்கும். உருண்டையாக இருந்தால் கீழே ஒரு தலைமுடியை வைத்துக் கல்லை மெல்ல உருட்டிப் பாருங்கள்; படிகமென்றால் ஏதோ ஒரு கோணத்தில் முடி இரண்டாகத் தெரியும், கண்ணாடி உருண்டையில் ஒன்றாகவே இருக்கும். நகைக்கடை லென்சில் பார்க்கும்போது உள்ளே வட்டமான காற்றுக் குமிழிகள் தெரிந்தால் அது உலையில் உருக்கிய கண்ணாடி. பச்சை நீலத்தில் மலிவாகக் கிடைக்கும் டர்காய்ஸ் பல நேரம் சாயம் ஏற்றிய ஹவ்லைட். அமெதிஸ்டை வெயிலில் வைத்து 'சக்தி ஏற்றச்' சொல்வார்கள். நாள்பட வெயில் பட்டால் நிறம் வெளுத்துப்போகும்.

கடைகளில் ஒரு வாதம் அடிக்கடி வருகிறது: "கைக்கடிகாரமே கிரிஸ்டல்லதான ஓடுது? அப்ப அதுல அதிர்வு இருக்குல்ல?" இருக்கிறது, உண்மை. குவார்ட்ஸை அழுத்தினால் மின்சாரம் பிறக்கும் என்று ஜாக் கியூரி, பியர் கியூரி சகோதரர்கள் 1880இல் கண்டார்கள். மின்சாரம் கொடுத்தால் அது அதிரும். கடிகாரத்துக்குள் இருக்கும் சிறு துண்டு நொடிக்கு 32,768 முறை அதிர்வது பேட்டரி இருப்பதால். பேட்டரியைக் கழற்றினால் கல் சும்மா கிடக்கும். மணிக்கட்டில் நூலில் கோத்த மணிக்கு எந்தப் பேட்டரியும் இல்லை.

"ஆனா எனக்குக் கையில ஒரு சுர்ருனு வருதே" என்று சொல்லும் அக்காமாரை நான் மறுக்கப்போவதில்லை. லண்டன் கோல்ட்ஸ்மித்ஸ் கல்லூரியின் உளவியலாளர் கிறிஸ்டோபர் ஃபிரெஞ்ச், 2001இல் ஒரு சோதனையின் முடிவை வெளியிட்டார். எண்பது பேர் கையில் கல்லைப் பிடித்துத் தியானம் செய்தார்கள். பாதிப் பேர் கையில் அசல் குவார்ட்ஸ், பாதிப் பேர் கையில் போலி. சிலிர்ப்பு, வெதுவெதுப்பு, மன அமைதி என்று இரு தரப்பினரும் ஒன்றுபோலவே சொன்னார்கள். என்னவெல்லாம் தோன்றலாம் என்று முன்கூட்டியே கேட்டவர்களுக்குக் கூடுதலாகத் தோன்றியது. உணர்வு பொய்யில்லை. அது எழுந்த இடம் கல் இல்லை, உட்கார்ந்து மூச்சைக் கவனித்த மனிதர். இதைக் கேட்டு எனக்கு ஏமாற்றமே இல்லை. மூலநூல்கள் சொன்னதும் மூச்சையும் மனத்தையும்தானே? வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை நம் நாட்டிலும் பல ஊர்களில் நடக்கிறது. ஆக்கினை, சாந்தி, துரியம் என்று படிப்படியாகச் சொல்லித்தருகிறார்கள். பாயை விரித்து உட்கார இடம் இருந்தால் போதும், கல் எதுவும் வேண்டாம்.

கடைசிக் கட்டம்

படத்தின் கடைசிக் கட்டத்துக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தது. 'மணிபூரகம் – கணையம் – சுகர்.'

2019ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி நம் நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களைத் தனியே எடுத்தால் 31.4 விழுக்காடு, எல்லா இனத்தைவிடவும் அதிகம். ஏறக்குறைய மூவரில் ஒருவர். இந்தச் சமூகத்தின் முன்னால் நின்று, மஞ்சள் கல் போட்டால் சுகர் இறங்கும் என்று சொல்வது சின்ன விஷயமா? கால் விரலில் ஆறாத புண், மங்கும் கண், டயாலிசிஸ் மையத்தில் வாரம் மூன்று நாள்... நம் உறவில் இவை இல்லாத வீட்டை விரல்விட்டு எண்ணலாம். மாத்திரையை நிறுத்திவிட்டுக் கல்லை நம்பிய நாற்பத்தெட்டு நாளில் சிறுநீரகத்துக்கு என்ன ஆகிறது என்பதை எந்தக் கடைக்காரரும் கூட இருந்து பார்ப்பதில்லை.

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளி. மருந்தும் அதற்குள் அடக்கம். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் இரத்தப் பரிசோதனையும் அங்கேயே எடுக்கிறார்கள். இது தெரிந்தும் நூறு வெள்ளிக்கு மேல் கொடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்கிறார்கள் என்றால், அறியாமை என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவது நியாயமில்லை. அந்தக் கடையில் நடந்ததை முழுதாகச் சொல்கிறேன். அந்தத் தம்பி ஸ்டூலை இழுத்துப்போட்டு, "உக்காருங்கம்மா" என்றான். தூக்கம் வருகிறதா என்று கேட்டான். பிள்ளைகள் எங்கே என்று கேட்டான். சிங்கப்பூரில் என்றார், வருவார்களா என்று கேட்டான். அந்த அம்மா அரைமணி நேரம் பேசினார். தோட்டம் இருந்த காலத்தில் இதைக் கேட்க ஆட்கள் இருந்தார்கள். ஆஸ்பத்திரியில் டிரெசர் இருந்தார், கோயிலில் பூசாரி இருந்தார், லயத்தில் பக்கத்து வீட்டு ஆயா இருந்தார். தோட்டம் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் தாமான் தாமானாகச் சிதறிய பிறகு, கிளினிக்கில் எண் எடுத்து, நாற்காலியில் காத்திருந்து, டாக்டரிடம் சில நிமிடம் மட்டும் பேசித் திரும்பும் ஒருவருக்கு, அந்த ஸ்டூல் பெரிய விஷயம். நம் கோயில் நிர்வாகங்கள் யோசிக்க வேண்டியது இங்கேதான். திருவிழாவுக்குக் கடை வாடகைக்கு விடும்போது, பக்கத்திலேயே ஒரு மேசை போட்டுச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்க்க ஓய்வுபெற்ற தாதியர் இரண்டு பேரை உட்கார வைத்தால் என்ன? அவர்களுக்கும் ஸ்டூல் போடலாம். அவர்களும் பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார்கள். அவர்களில் எத்தனையோ பேர் தோட்டத்துப் பிள்ளைகள்.

கல்லில் பிழைக்கும் வியாபாரிகளிடமும் ஒரு வேண்டுகோள். அழகுக்காக விற்பதில் தப்பில்லை. மணி நல்லது, கோப்பு நல்லது, பரிசாகக் கொடுக்க உகந்தது என்று சொல்லி விற்றாலும் வாங்குவார்கள். நோயின் பெயர் இருக்கும் கட்டத்தை மட்டும் வெட்டிவிடுங்கள். இது வெறும் வேண்டுகோள் இல்லை, சட்டமும் கூட. 1956ஆம் ஆண்டு மருந்துகள் (விளம்பர, விற்பனை) சட்டம் நீரிழிவு, புற்றுநோய், ஆஸ்துமா, இதயநோய், சிறுநீரக நோய் உள்ளிட்ட இருபது நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதைத் தடைசெய்கிறது. 2016ஆம் ஆண்டின் பாரம்பரிய, துணை மருத்துவச் சட்டத்தின் கீழ் (சட்டம் 775) ஏழு மருத்துவத் துறைகளுக்கு அங்கீகாரம் உண்டு. மலாய், சீன, இந்தியப் பாரம்பரிய மருத்துவங்கள் அவற்றில் அடங்கும். நம் சித்த மருத்துவமும் ஆயுர்வேதமும் இந்திய மருத்துவத்துக்குள் வருகின்றன. கல் வைத்தியம் அந்தப் பட்டியலில் இல்லை.

நோய் தீரும் என்று நம்பிப் பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்க வேண்டாம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் ஐந்து வெள்ளி கட்டி மனுக் கொடுக்கலாம். 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். ரசீது இல்லாவிட்டால் வாட்சப் பேச்சையும் பணம் அனுப்பிய விவரத்தையும் அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நேரலையில் வாங்கியிருந்தால் விற்றவர் சொன்னதைப் பதிவு செய்துவையுங்கள். மனுப் படிவம் மலாயில் இருக்கும். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் பேரப்பிள்ளை இருந்தால் உட்காரவைத்து நிரப்பச் சொல்லுங்கள்.